மெழுகில் உறைந்த குரலும் ஆனந்த குமாரசுவாமியும்

பலாங்கொடையிலே பிறந்து வளர்ந்தவர்களுக்கு மண் என்பது வெறும் மண்ணன்று. குழி தோண்டி, இல்லம் என்னும் சரளை மண்ணைக் கூடையில் அள்ளி, ஆற்று நீரில் அரித்து, அடியில் தங்குவதைக் கண்ணிமையாது நோக்குவார்கள் எங்கள் பக்கத்து மக்கள். நீலமும் கோமேதகமும் கிடைத்தால் அன்று தீபாவளி. கிடைக்காவிட்டால் கூடையின் அடியில் எஞ்சுவது கனத்த கறுப்பு மணல் மாத்திரமே. அதனை வீசி எறிந்துவிட்டு அடுத்த கூடைக்குக் கை நீட்டுவார்கள். அந்தக் கறுப்பு மணலை வீசி எறியாது உற்றுப் பார்த்த ஒருவருடைய வாழ்வைப் பற்றியே இங்கு சொல்ல முற்படுகிறேன். அவர்தாம் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி.

அவரைக் கலைஞானி என்று உலகம் அறியும். சிவனுடைய தாண்டவத்தின் உட்பொருளை மேலைநாட்டாருக்கு விளக்கியவர் என்று நம்மவர் போற்றுவர். ஆயினும் என் மனத்தில் அவர் வேறொரு பொருளோடு பிணைந்து நிற்கிறார். என் வீட்டு அலுமாரியில் பஞ்சு சுற்றிய மூன்று மெழுகுருளைகள் இருக்கின்றன. இசைத்தட்டுக்கு முற்பட்ட காலத்தில் பாட்டைப் பதிந்து வைத்த உருளைகள் அவை. பழைய தோட்டத்துப் பங்களா ஒன்றின் தட்டுமுட்டுச் சாமான்கள் ஏலத்தில் போனபோது நான் வாங்கியவை. ஒன்று வெடித்துவிட்டது. மற்ற இரண்டிலும் வெண்பூஞ்சணம் படர்ந்திருக்கிறது. அவற்றைக் காணுந்தோறும் குமாரசுவாமி அவர்களோடு எனக்குள்ள தீராத வழக்கு ஒன்று நினைவுக்கு வரும். அவ்வழக்கைச் சொல்லுமுன் அவர் வரலாற்றைச் சொல்லவேண்டும்.

ஆனந்த கென்டிஷ் குமாரசுவாமி 1877ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 22ஆம் திகதி கொழும்பிலே பிறந்தார். அதே ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் தோமஸ் அல்வா எடிசன், ஈயத்தகடு சுற்றிய உருளை ஒன்றைக் கையாற் சுழற்றித் தம் குரலைத் தாமே திரும்பக் கேட்டார். மனிதக் குரலைச் சிறைப்பிடித்த இயந்திரமும், அந்த இயந்திரத்தைப் பின்னாளில் கடுமையாகக் கண்டித்த மனிதரும் ஓராண்டுப் பிள்ளைகள் என்பது எண்ணி வியத்தற்குரியது.

தந்தையார் சேர் முத்துக்குமாரசுவாமி சட்டநிரூபண சபையில் வீற்றிருந்த பெருமகன். இங்கிலாந்திலே பாரிஸ்டர் பட்டம் பெற்றவர். அரிச்சந்திரன் கதையை ஆங்கில நாடகமாக்கி 1863இல் இலண்டனில் வெளியிட்டவர். சேர் பொன்னம்பலம் இராமநாதனுக்கும் சேர் பொன்னம்பலம் அருணாசலத்துக்கும் தாய்மாமன். தாயார் எலிசபெத் கிளே பீபி இங்கிலாந்தின் கென்ட் மாகாணத்துப் பெண்மணி. அம்மாகாணத்தின் பெயரே கென்டிஷ் என்று பிள்ளையின் பெயருக்கு நடுவில் அமர்ந்தது. தாயும் சேயும் இங்கிலாந்திலே இருக்க, அவர்களிடம் போய்ச் சேரப் புறப்படவிருந்த வேளையில், 1879ஆம் ஆண்டு மே மாதத்தில் தந்தையார் கொழும்பிலே காலமானார். பிள்ளைக்கு அப்போது இரண்டு வயதும் நிரம்பவில்லை. தந்தையின் முகம் நினைவில் நில்லாத வயது. குரல் எங்ஙனம் நிற்கும்?

கிளஸ்டர்ஷயரிலுள்ள வைக்கிளிவ் கல்லூரியிலும், பின்னர் இலண்டன் யூனிவேர்சிற்றிக் கல்லூரியிலும் அவர் பயின்றார். 1900ஆம் ஆண்டிலே நிலநூலிலும் தாவரநூலிலும் பட்டம் பெற்றார். எதல் பார்ட்ரிட்ஜ் என்னும் மங்கையை 1902இல் மணந்தார். தந்தையின் நாட்டுக்குத் திரும்பி, 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் முதலாவது பணிப்பாளராக விளங்கினார்.

அக்காலத்திலேதான் எங்கள் பலாங்கொடை உலக விஞ்ஞானத்தின் கண்ணிற் பட்டது. இங்குள்ள ஆற்றுச் சரளையில் மாணிக்கக்காரர் கழித்தொதுக்கிய மணலினிடையே, சின்னஞ்சிறு தாயக்கட்டை போன்ற கனசதுர வடிவில், கருநிறமாய், அளவுக்கு மிஞ்சிய கனமுடையதாய் ஒரு கனியம் காணப்பட்டது. குமாரசுவாமி முதலில் அதனை யுரேனியக் கனியமாகிய யுரேனினைற்று என்றே கருதினார். மாதிரிகள் இலண்டனுக்குப் போயின. விண்டம் டன்ஸ்டன் என்னும் இரசாயன அறிஞர் 1904இல் அதனைப் பகுத்துப் பார்த்து, நூற்றுக்கு எழுபது பங்குக்கும் மேலாகத் தோரியம் ஒக்சைட்டு அடங்கிய புதிய கனியம் என்று கண்டு, தோரியனைற்று எனப் பெயர் சூட்டினார். காஸ் விளக்கின் ஒளிவலைக்குத் தோரியம் வேண்டியிருந்த காலம் அது. ஆதலால் வியாபாரிகளும் விழித்துக்கொண்டனர். அடுத்த ஆண்டிலே ஒட்டோ ஹான் என்னும் இளம் ஜெர்மானியர், இலண்டனில் இராம்சேயின் ஆய்வுகூடத்தில், இலங்கைத் தோரியனைற்றிலிருந்து எடுத்த உப்பைப் பிரித்துக்கொண்டிருந்தபோது ரேடியோதோரியம் என்னும் கதிர்வீசும் பொருளைக் கண்டறிந்தார். அணுப்பிளவு ஆராய்ச்சிக்காகப் பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்றவர் இந்த ஹான் என்பதை வாசகர்கள் அறிவார்கள். எங்கள் ஊர்க் கூடையின் அடிமணல் எங்கெல்லாம் போய்ச் சேர்ந்தது பாருங்கள்! இதற்கு முன்னரே, 1903இல், பிரையர் என்பவரோடு சேர்ந்து செரெண்டிபைற்று என்னும் மற்றொரு புதுக் கனியத்தையும் குமாரசுவாமி உலகுக்கு அறிமுகஞ் செய்திருந்தார்.

கல்லைத் தேடிப் போனவர் கண்டது கல்லை மாத்திரமன்று. மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகச் சுற்றியபோது, கண்டி நாட்டுச் சிற்பாசாரியரும் தட்டாரும் நெசவாளரும் ஓவியரும் தொழில் இழந்து வாடுவதைக் கண்டார். பரம்பரை பரம்பரையாகக் கையிலே வந்த வித்தை, கப்பலில் வந்திறங்கிய மலிவுச் சரக்கின் முன் மண்டியிட்டுக் கிடந்தது. மண்ணுக்குள் இருப்பதை அளந்து அறிக்கை எழுதும் உத்தியோகத்தில், மண்ணுக்கு மேலே அழிவதை அளக்க இடமில்லை. 1905இல் இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தை நிறுவுவதில் முன்னின்றார். மறு ஆண்டு அதன் சார்பில் ஆங்கிலச் சஞ்சிகை ஒன்றும் வெளிவந்தது. தாய்மொழியைப் பேணுக, சொந்த உடையையும் சொந்தக் கலையையும் பேணுக என்று படித்தவர்களை இடித்துரைத்தார். 1906இல் உத்தியோகம் முடிந்தது. அவருடைய உண்மையான தொழில் தொடங்கிற்று.

இனி மெழுகுருளையின் கதைக்கு வருவோம்.

எடிசனின் ஈயத்தகடு சில தடவை கேட்டதும் கிழிந்துவிடும். 1880ஆம் ஆண்டுகளில் ஈயத்தின் இடத்தை மெழுகு பிடித்தது. தேன்மெழுகு அன்று, சவர்க்காரத்துக்கு இனமான ஒருவகைக் கலவை. நாலேகால் அங்குல நீளமும் இரண்டேகால் அங்குல விட்டமும் உள்ள குழாய்; நம்மூர் மூங்கிற் குழல்துண்டு போல இருக்கும். ஊதுகுழல் போன்ற வாயில் பாடினால் அதன் அடியிலுள்ள சவ்வு அதிரும். சவ்விலே பொருந்திய ஊசி, சுழலும் மெழுகின்மேல் மேடும் பள்ளமுமாக வரி கீறும். அந்த வரியின்மேல் மற்றோர் ஊசி ஓடினால் பாடியவர் குரல் திரும்ப எழும். இரண்டு நிமிடம், அவ்வளவே. மின்சாரம் வேண்டா, சுருள்வில்லை முடுக்கினாற் போதும். எடுத்துச் செல்வதும் எளிது. மேற்பரப்பைச் சீவிவிட்டால் மறுபடியும் பதியலாம். ஆதலால் கடல் கடந்து மக்களினங்களை ஆராயப் போனவர்கள் இதனைக் கூடவே கொண்டு சென்றனர். 1898இல் ஹாடன் தலைமையில் தொறெஸ் நீரிணைக்குப் போன கேம்பிரிட்ஜ் குழுவினர் அத்தீவு மக்களின் பாடல்களை மெழுகில் ஏற்றினர். 1900இல் பெர்லினில் கார்ல் ஸ்டும்ப் என்பவர் இத்தகைய உருளைகளுக்கெனவே ஒரு காப்பகம் தொடங்கினார். சென்னை அருங்காட்சியகத்து எட்கார் தர்ஸ்டனும் ரங்காச்சாரியும் தென்னாட்டுப் பாடல்களை இவ்வாறே பதிந்தனர்.

இலங்கைக்கும் அந்த இயந்திரம் வந்தது. 1907ஆம் 1908ஆம் ஆண்டுகளில் செலிக்மன் என்னும் அறிஞர் தம் மனைவியோடு வேடர் வாழும் காடுகளுக்குச் சென்று அவர்களுடைய பாடல்களை மெழுகுருளைகளிலே பதிந்தார். அவற்றை மயர்ஸ் என்பவர் செவியூன்றிக் கேட்டு ஆராய்ந்தார். சில பாடல்கள் இரண்டே சுரங்களில் அமைந்திருக்கக் கண்டு வியந்தார். 1911இல் வெளிவந்த வேடர் பற்றிய பெருநூலில் அவ்வாராய்ச்சி ஓர் அதிகாரமாக இடம்பெற்றது. அவ்வுருளைகள் இன்று இலண்டன் பிரித்தானிய நூலகத்தில் இருக்கின்றன.

அதே 1907ஆம் 1908ஆம் ஆண்டுகளில் குமாரசுவாமி என்ன செய்துகொண்டிருந்தார்? இங்கிலாந்திலே பிராட் காம்ப்டன் என்னும் சிற்றூரில், கண்டி நாட்டுக் கலைகளைப் பற்றிய தமது பெருநூலை அச்சிட்டுக்கொண்டிருந்தார். அறிஞர் வில்லியம் மொறிஸ் பயன்படுத்திய அதே கை அச்சுப்பொறி. ஒவ்வொரு தாளாகக் கையாலே அச்சேற்றும் வேலை. பதினைந்து மாதம் பிடித்தது. வெளிவந்த பிரதிகள் 425. அந்நூலின் புகைப்படங்களிற் பலவற்றை மனைவியார் எதல் எடுத்திருந்தார். ஆக, கண்ணுக்குரிய கலையைப் பதிய அவர் இயந்திரத்தை ஏற்றுக்கொண்டார். காதுக்குரிய கலைக்கு?

1909இல் வெளிவந்த அவருடைய தேசிய இலட்சியக் கட்டுரைத் தொகுதியின் கடைசிக் கட்டுரை கிராமபோனைப் பற்றியது. அதிலே அவர் சிறிதும் தயவு காட்டவில்லை. பாடகனுக்கும் ஒலிக்கும் இடையே இயந்திரம் புகப்புக இசை தாழ்கிறது என்பது அவர் கொள்கை. மிடற்றுப் பாடல் தலையாயது. விரல் தந்தியைத் தொட்டு நிற்கும் வீணை அதற்கு அடுத்தது. ஆர்மோனியம் கீழ்ப்பட்டது. கிராமபோனோ கடைக்கோடி. இதனை வெறும் பழமைப் பிடிவாதம் என்று தள்ளுவதற்கில்லை. கல்யாண வீட்டில் பெட்டியொன்று பாடத் தொடங்கினால் நாதசுரக்காரனுக்கு அழைப்பு நின்றுவிடும். அழைப்பு நின்றால் அவன் மகன் வித்தை பயிலமாட்டான். மகன் பயிலாவிட்டால் பிறகு பெட்டிக்குள் அடைப்பதற்கும் பாட்டு இராது. கண்டி நாட்டு நெசவாளருக்கு நேர்ந்தது பாடகருக்கும் நேரும் என்று அவர் அஞ்சினார். அதே காலத்திலே கல்கத்தாவில் ஹேமேந்திர மோகன் போஸ் என்னும் சுதேசிப் பெருமகன், தாகூரின் குரலை உருளையிலே பதிந்து விற்றுச் சுதேசிய உணர்ச்சியை வளர்த்தார். ஒரே இலட்சியமுடைய இருவர், ஒரே இயந்திரத்தின் இருபுறத்தில் நின்றனர்!

பாட்டைச் சேகரிப்பதற்குக் குமாரசுவாமி காட்டிய வழியோ வேறு. அவருடைய இரண்டாவது துணைவியார் அலிஸ் றிச்சர்ட்சன் என்னும் ஆங்கில மாது. இரத்தினதேவி என்ற பெயர் பூண்டு, 1911இல் காஷ்மீரத்திலே, கபூர்தலா ஆஸ்தானத்து வித்துவான் அப்துல் ரஹீமிடம் குருமுகமாகப் பாடல்களைக் கற்றார். கற்றவற்றைப் பாடினார். கணவனும் மனைவியும் சேர்ந்து 1913இல் பஞ்சாப், காஷ்மீரப் பாடல்கள் முப்பதைச் சுரக்குறிப்போடு நூலாக்கினர். தாகூர் முன்னுரை வழங்கினார். பின்னர் அமெரிக்காவிலும் அவ்வம்மையார் தம்புராவை மடியில் ஏந்திப் பாட, குமாரசுவாமி சபையோருக்குப் பொருள் விளக்கினார். ஒரு வாயிலிருந்து மறு வாய்க்கு, ஒரு நெஞ்சிலிருந்து மறு நெஞ்சுக்கு. இதுவே அவர் வழி.

இங்கேதான் என் வழக்கு எழுகிறது.

ஆசிரியப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த காலத்தில் அக்கட்டுரையை நான் படித்தேன். இருபது வயதில் படிக்கும் கருத்து இரத்தத்திலே கலந்துவிடும். அப்போது எங்கள் தோட்டத்து லயத்தில் என் அப்பாயி இருந்தார். கொழுந்தெடுத்து விரல்கள் கறுத்த கிழவி. எழுத்தறியாதவர். ஒப்பாரியும் தாலாட்டும் அவர் நாவில் ஊற்றெடுக்கும். மாசியில் காமன்கூத்து நடக்கையில், இரதியின் புலம்பலில் ஓரடி தவறினால் இருந்த இடத்திலிருந்தே திருத்துவார். எந்தச் சாவு வீட்டுக்குப் போனாலும், செத்தவருடைய வாழ்வை அறிந்து, அதற்கேற்பப் புதிதாகக் கட்டிப் பாடுவார். ஆதலின் ஒருமுறை பாடியதை மறுமுறை பாடமாட்டார்.

1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் மலைநாட்டு மக்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று தீர்மானித்திருந்தது. எழுபதுகளின் நடுவில் எங்கள் லயத்துக்கும் முறை வந்தது. சிற்றப்பாவின் குடும்பத்தோடு அப்பாயியும் புறப்பட்டார். புறப்படுவதற்குச் சில நாள் முன்னதாக, தேயிலை ஆலை அலுவலர் ஒருவர் தம்மிடமிருந்த ஒலிப்பதிவுக் கருவியைக் கொண்டுவந்து, கிழவியின் பாட்டைப் பிடித்து வைத்துக்கொள் என்று என்னிடம் நீட்டினார். நான் மறுத்துவிட்டேன். பாட்டு நெஞ்சிலே வாழவேண்டுமேயன்றிப் பெட்டியிலே அன்று என்று குமாரசுவாமியின் கொள்கையை அவருக்கே பிரசங்கம் செய்தேன். அப்பாயி தலைமன்னாரிலே கப்பலேறினார். தமிழ்நாட்டின் ஒரு மூலையிலே, நான் காணாத ஒரு வீட்டிலே கண்ணை மூடினார். பாட்டை நெஞ்சிலே வைத்துக்கொள்வதாகச் சொன்ன நான் அவரிடம் உட்கார்ந்து ஒரு பாட்டாவது கற்றேனா என்றால், இல்லை. அரைகுறையாக நாலு தாலாட்டு வரி மாத்திரமே என் நினைவில் தங்கிற்று.

எத்தனையோ ஆண்டுகள் அந்தப் பெரியவர்மேல் எனக்கு மனத்தாங்கல் இருந்தது. அவர் பேச்சைக் கேட்டல்லவா கெட்டேன் என்று நினைத்தேன். அந்த மனத்தாங்கலின் விளைவாகத்தான் மெழுகுருளைகளைத் தேடலானேன். பிறர் குரலையாவது காப்போம் என்ற ஏக்கம். தேடியபோது அவற்றின் குணத்தையும் அறிந்தேன். உள்ளே இரு விரலை நுழைத்து விரித்தே எடுக்கவேண்டும், மேற்பரப்பைத் தொடலாகாது. குளிர்ந்த உருளையைச் சூடான உள்ளங்கை பற்றினால் வெடித்துவிடும். என் முதலாவது உருளை அப்படித்தான் போயிற்று. ஈரக்காற்றில் பூஞ்சணம் பிடித்து மெழுகையே தின்னும். எங்கள் மலைப்பக்கத்து மழைக்கு அது தப்பாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு முறை ஊசி ஓடும்போதும் வரி சிறிது தேய்கிறது. கேட்கக் கேட்கக் குரல் அழிகிறது. கேட்காமல் வைத்தாலோ அது குரலன்று, மெழுகு. இக்காலத்தில் அமெரிக்காவின் பார்க்கிலி ஆய்வுகூடத்தில் கார்ல் ஹேபர் என்னும் பௌதிக அறிஞரும் அவர் குழுவினரும், ஊசியே படாமல் ஒளியினால் வரியைப் படமெடுத்துக் கணினியின் துணைகொண்டு ஒலியை மீட்கும் முறையைக் கண்டிருக்கிறார்கள். வெடித்த உருளைகூடப் பேசுகிறது என்றால், இது நம் காலத்து அற்புதமன்றோ?

குமாரசுவாமியின் பிற்கால வாழ்வைத் திரும்பப் படித்தபோதுதான் என் மனத்தாங்கல் மெல்லக் கரையலாயிற்று. அவர் சேகரிப்பையே வெறுத்தவர் அல்லர்; மாபெரும் சேகரிப்பாளர். இராஜபுத்திர ஓவியங்களைத் தேடித்தேடித் திரட்டினார். அவற்றைக் காசியிலே ஒரு தேசிய அருங்காட்சியகம் அமைத்து வைக்கவேண்டுமென்று ஆசைப்பட்டார், நாடு செவிசாய்க்கவில்லை. 1917இல் அச்செல்வம் அமெரிக்காவின் பொஸ்ரன் நுண்கலை அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது; அவரும் அதன் காவலராக அங்கே போனார். அடுத்த ஆண்டு சிவதாண்டவம் பற்றிய கட்டுரைத் தொகுதியும், 1927இல் இந்திய, இந்தோனேசியக் கலைகளின் வரலாறும் வெளிவந்தன. முப்பது ஆண்டுகள், கண்ணாடிப் பேழைக்குள் இருந்த தெய்வ வடிவங்களின் நடுவே வாழ்ந்தார். கோயிலிலே வழிபடவேண்டிய திருவுருவம் பேழைக்குள் இருப்பது உயிரற்ற இருப்பு என்பதை அவர் அறியாதவர் அல்லர்; அருங்காட்சியகத்தின் பயன் என்ன என்ற கேள்வியைத் தாமே எழுப்பி எழுதியவர். அறிந்தும் அவற்றைக் காத்தார். வழிபடும் கை தளர்ந்துவிட்ட காலத்தில் பேழையாவது வேண்டியிருக்கிறது என்பதை அவர் வாழ்வே ஒப்புக்கொண்டது என்று நான் கருதுகிறேன்.

1947 ஆகஸ்டில் அவருக்கு எழுபது வயது நிறைந்தது. அதே மாதம் பாரதம் விடுதலை பெற்றது. அங்கே சென்று இறுதிக் காலத்தைத் தவத்திலே கழிக்க அவர் விரும்பியிருந்தார். அந்த விருப்பம் நிறைவேறவில்லை. செப்டெம்பர் 9ஆம் திகதி, மசச்சூசெற்ஸ் மாகாணத்து நீடம் என்னும் ஊரிலுள்ள தமது வீட்டில் உயிர் நீத்தார். தந்தையும் மகனும் இருவருமே, போய்ச் சேர எண்ணிய கரையைச் சேராமல் மறைந்தனர்.

இப்போது வழக்குக்குத் தீர்ப்பு என்ன? செலிக்மனின் மெழுகு வேடரின் குரலைக் காத்தது. பாட்டை அவர்கள் வாயிலே காக்க அதனால் இயலவில்லை. குமாரசுவாமி சொன்ன குருமுகம் பாட்டைக் காக்க வல்லது. ஆனால் குருவின் முன் போய் உட்காரும் சீடன் வேண்டும். நான் இரண்டுக்கும் உதவாதவனாய் இருந்துவிட்டு, குற்றத்தை அவர் தலையில் ஏற்றினேன். கருவி வேண்டாம் என்றவர் கற்றுக்கொள் என்றும் சொன்னார். முன்பாதி எனக்கு இலகுவாக இருந்தது. பின்பாதியை நான் காதில் வாங்கவில்லை.

மலைநாட்டு மக்களின் பாடல்களை ஸி. வி. வேலுப்பிள்ளை ஏட்டிலே தொகுத்து வைத்தார். அதற்காக நாம் என்றும் நன்றி கூறவேண்டும். ஏட்டுக்கு அப்பாலும் சில கிழவிகள் இன்னும் எங்கள் லயங்களில் இருக்கிறார்கள். சென்ற மாசியில் அவர்களுள் ஒருவரிடம் போய் உட்கார்ந்தேன். எழுபது வயது மாணாக்கனைக் கண்டு அவருக்குச் சிரிப்பு. பேத்தியின் கைத்தொலைபேசியைப் பதிவுக்குத் திருப்பிப் பக்கத்தில் வைத்தேன். வைத்துவிட்டு, அதனைப் பாராமல், அவர் ஒரு வரி பாட நானும் ஒரு வரி பாடினேன். மூன்றாம் நாளில் ஒரு தாலாட்டு முழுமையாக வந்தது. நான் அரைகுறையாக நினைவில் வைத்திருந்த அப்பாயியின் நாலு வரிகளும் அதனுள்ளே இருந்தன.